சிவப்பு அட்டைக்குப் பிறகும் ஆட்டம் உண்டு

தாப்பாவில் மாமாக் கடைத் திரையில் கிண்ண ஆட்டம் ஓடும்போது சிவப்பு அட்டை விழுந்தால், "ரெஃப்ரி காயூ!" என்று பாதிக் கடை கத்தும். "சரியான முடிவு லா அண்ணே, லாஸ்ட் மேன் அவன்" என்று மீதிப் பாதி தீர்ப்புச் சொல்லும். கொஞ்ச நேரம் சண்டை. அப்புறம், பத்துப் பேரை வைத்துக்கொண்டு என்ன ஆடிவிடப் போகிறார்கள் என்று எல்லோரும் கைப்பேசிக்குள் போய்விடுவார்கள். கிண்ண ஆட்டத்தின் ருசியான பகுதியை இப்படித்தான் கோட்டை விடுகிறோம். பேராக் அணி 2025இல் சூப்பர் லீக்கிலிருந்து ஒதுங்கிக்கொண்டதில் ஈப்போ அரங்குக்குக் கிளம்பும் வேலையும் இல்லை. இப்போதைக்குத் திரைதான் கதி என்றால் அதையாவது ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில் அந்த 'லாஸ்ட் மேன்' விவகாரம். காற்பந்து விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. 12ஆம் விதி கேட்பது, தவறு நடந்தபோது தெளிவான கோல் வாய்ப்பு ஒன்று பறிபோனதா என்பதை மட்டும். அதை முடிவு செய்ய நடுவர் நான்கு விஷயங்களைக் கணக்கில் எடுக்கிறார்: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, தாக்குபவருக்குப் பந்து கட்டுப்படுமா, தற்காப்பாளர்கள் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள். கடைசி ஆளாக நின்றவர் இழுத்துத் தள்ளினாலும் பந்து மூலைக் கொடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தால் மஞ்சளோடு போகலாம். பக்கத்தில் இன்னொரு தற்காப்பாளர் இருந்தும் அவரால் எட்ட முடியாது என்றால் சிவப்பு வரலாம். ஆகவே மறுஒளிபரப்பு வரும்போது இடறிய காலையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் பந்தைப் பாருங்கள், அப்புறம் திரையின் ஓரங்களில் யார் ஓடிவருகிறார்கள் என்று பாருங்கள்.

இதைப் பழக 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. பாரிசில் ஆர்சனலும் பார்சலோனாவும். நமக்கு அது மே 18, விடியற்காலை 2.45 மணி. 18ஆவது நிமிடம் பார்சலோனாவின் ரொனால்டினோ தள்ளிய பந்தோடு சக ஆட்டக்காரர் எட்டோ பாய்கிறார். பினால்டிக் கட்டத்துக்கு வெளியே ஓடிவந்த ஆர்சனல் கோல் காவலர் லேமன் அவரைக் காலோடு சாய்க்கிறார். பந்து உருண்டு பார்சலோனாவின் ஜூலியிடம் போக, அவர் காலி வலைக்குள் அடித்துவிடுகிறார். ஆனால் நார்வே நாட்டு நடுவர் டெர்யே ஹாகே அதற்குள் விசில் ஊதிவிட்டார். கோல் இல்லை, ஃப்ரீ கிக், லேமனுக்குச் சிவப்பு.

நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் சிவப்பு சரிதான். ஜூலி அடிக்கும்வரை பொறுக்காத அந்த இரண்டு விநாடிதான் சிக்கல். நடுவர் பொறுத்திருந்தால் கோல் நின்றிருக்கும். லேமனும் சிவப்பிலிருந்து தப்பியிருப்பார். ஆர்சனல் ஒரு கோல் பின்தங்கியிருக்கும், ஆனால் பதினொரு பேர் இருப்பார்கள். எது மேல்? இந்தக் கேள்வியை எந்த மேசையில் போட்டாலும் அடுத்த ரொட்டி சானாய் வரும்வரை தாங்கும். என்னைக் கேட்டால், 72 நிமிடம் ஆள் குறைவாக ஓடுவதைவிட ஒரு கோல் கடன் எவ்வளவோ தேவலை.

அட்டை காட்டியதும் காமிராவோடு சேர்ந்து நாமும் வெளியேறுபவரின் முகத்தைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பயிற்றுநரை. லேமன் போனதும் மாற்றுக் கோல் காவலர் அல்முனியாவை இறக்க யாரையாவது எடுத்தாக வேண்டும். ஆர்சனல் பயிற்றுநர் வெங்கர் எடுத்தது ராபர்ட் பிரேசை. இறுதியாட்டத்தில் இருபது நிமிடம்கூட ஆடாத ஒரு கலைஞன், எந்தத் தப்பும் செய்யாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சிவப்பு அட்டையின் விலையை அதை வாங்கியவரே கொடுப்பதில்லை என்பதை இப்படி ஒரு மாற்றத்தில் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது, காலியான இடம் எங்கே என்று தேடுவது. இதில் தோட்டத்துத் திடல்களில் எழுவர் காற்பந்து ஆடி வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அங்கே ஒருவர் போனால் அணியில் ஏழில் ஒரு பங்கு போச்சு. ஓட்டை எங்கே என்று கரையில் நிற்கும் பாட்டிக்கே தெரியும். பெரிய திடலில் அந்த ஓட்டையை ஒளித்து வைக்கிறார்கள். பெரும்பாலும் தற்காப்பில் நால்வர், மத்தியத் திடலில் நால்வர், முன்னால் ஒருவர் என்று இரண்டு சுவர் எழுப்புவார்கள். முன்னால் நிற்கும் அந்த ஒற்றை ஆளைக் கொஞ்ச நேரம் மட்டும் தொடர்ந்து பாருங்கள். துணையில்லாமல் பந்தைக் காத்து, ஒரு தவறைச் சம்பாதித்து, தோழர்களுக்கு மூச்சு விட நேரம் வாங்கித் தருகிறாரா? அப்படியானால் அந்த அணி தாங்கும். அன்று ஆர்சனல் தாங்கியது மட்டுமல்ல, 37ஆவது நிமிடம் கேம்பல் தலையால் முட்டி முன்னிலையும் கொடுத்தார். எட்டோ சமன் செய்ய 76ஆவது நிமிடம் ஆனது. 81இல் பார்சலோனாவின் பெல்லெட்டி அடித்ததில்தான் 2-1 என்று கதை முடிந்தது.

லீக் ஆட்டமென்றால் இந்த நேரத்தில் பத்துப் பேர் அணி மனத்தளவில் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். கிண்ணத்தில் அடுத்த வாரம் ஏது? 1985 எஃப்.ஏ. கிண்ண இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் கெவின் மோரன் வெளியேற்றப்பட்டார். அந்த இறுதியாட்ட வரலாற்றிலேயே வெளியேறிய முதல் ஆட்டக்காரர் அவர். அப்புறம் பத்துப் பேரும் கூடுதல் நேரம்வரை இழுத்துப் பிடித்து, வைட்சைட் அடித்த ஒரே கோலில் எவர்ட்டனை வென்றார்கள். ஒரு வேடிக்கை: மோரனை வெளியே அனுப்பினார்களே தவிர அட்டை காட்டவில்லை. 1970 உலகக் கிண்ணத்திலேயே அட்டை வந்துவிட்டது. லண்டனில் சமிக்ஞை விளக்கில் கார் நின்றபோது கென் ஆஸ்டன் என்ற நடுவருக்கு உதித்த யோசனை அது. ஆனால் இங்கிலாந்து அதை 1981இல் கைவிட்டு, 1987இல்தான் திரும்ப எடுத்தது.

முரட்டுத் தடுப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று. மெதுவாக ஓட்டிக் காட்டினால் எல்லா இடறலும் கொலை முயற்சி மாதிரித்தான் தெரியும். பூட்டின் அடிப்பகுதி எங்கே பட்டது என்பதற்கு மெதுவான காட்சி. எவ்வளவு வேகத்தில் பட்டது என்பதற்குச் சாதாரண வேகக் காட்சி. வி.ஏ.ஆர். அறையிலும் இதுதான் முறை. பினால்டிக் கட்டத்துக்குள் கோல் வாய்ப்பைத் தடுத்தவர் பந்துக்கு முயன்றிருந்தால், பினால்டி கொடுத்த பிறகு மஞ்சள் போதும் என்று 2016இல் விதி மாறியதையும் ஞாபகம் வையுங்கள். "உள்ளே விழுந்தா மஞ்சள், வெளியே விழுந்தா சிவப்பா? என்ன நியாயம் தம்பி இது!" என்று பெரியவர் யாராவது கேட்டால், பினால்டி என்பதே பறிபோன வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பதுதானே என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்வார் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

கையால் தடுத்தால் இந்தச் சலுகை இல்லை. வேண்டுமென்றே தடுத்தவருக்குச் சிவப்புதான். 2010 உலகக் கிண்ணக் காலிறுதியின் கடைசி நொடியில் கானாவின் கோலை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தட்டியது அப்படித்தான். ஏமாற்றுக்காரர் என்று இன்றும் திட்டுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சிவப்பு வாங்கினார், பினால்டி கொடுத்தார், அரையிறுதியை இழந்தார். விதி கேட்ட விலை முழுவதையும் கட்டிவிட்டார். கானாவின் கியான் அந்தப் பினால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்ததற்கு அவர் என்ன செய்வார்?

கிண்ணம் பினால்டி வரை போனால் என்ன ஆகும் என்பது பேராக்காரர்களுக்குப் புதிதல்ல. 1998இலும் 2018இலும் மலேசியக் கிண்ணத்தை நாம் திரங்கானுவிடமிருந்து அப்படித்தான் எடுத்தோம். இரண்டாவது முறை ஷா ஆலாமில் 3-3, பிறகு 4-1. சிவப்பு விழுந்த ஆட்டம் அங்கே வந்து நின்றால், முழுப் பலத்தோடு இருக்கும் அணியும் ஒருவரை ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டும். யாரை ஒதுக்குகிறார்கள் என்று கவனியுங்கள். பினால்டி அடிக்கத் தன் ஆட்களில் யாரைப் பயிற்றுநர் நம்பவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். அட்டை வாங்கிய அணியில் எதிர்க்கணக்கு: அடிக்க வேண்டியவர் உடை மாற்றும் அறையில் இருப்பார். 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதி, மாஸ்கோ. கூடுதல் நேரம் முடியச் சில நிமிடமே இருக்கையில் செல்சியின் டிரோக்பா, மான்செஸ்டர் யுனைடெட்டின் விடிச்சைக் கன்னத்தில் தட்டிவிட்டுச் சிவப்போடு வெளியேறினார். அதனால் ஐந்தாவது பினால்டி தற்காப்பாளர் ஜான் டெர்ரியிடம் வந்தது. உள்ளே போட்டால் கிண்ணம். மழையில் நனைந்த புல்லில் ஊன்றிய கால் வழுக்க, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.