கைக்கிளையின் இரு கரைகள்: ஜப்பானிய அனிமேயில் பாடகியும் இரசிகரும்

ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும், ஒத்த அன்பை ஐந்திணை என்றும் வகுத்தது தமிழ் இலக்கணம். காதல் ஒன்றே, அது நிற்கும் நிலையே வேறு என்பதை இப்பகுப்பு உணர்த்தும். இந்த அளவுகோலை ஜப்பானியரின் அசைபடக் கலையாகிய அனிமேக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுடையது. மேடையில் ஆடிப்பாடும் இளம் பாடகிக்கும் அவளைப் போற்றும் இரசிகருக்கும் இடையே அரும்பும் அன்பு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கலையில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டு வருகிறது. அவ்வன்பு கைக்கிளையாகவே முடிந்தாக வேண்டுமா? ஒத்த அன்பாக மலர அதற்கு இடமுண்டா? இதுவே ஈண்டு எழும் வினா.

இத்தகைய பாடகியை ஜப்பானியர் 'ஐடோரு' என்பர். வழிபாட்டு உருவத்தைக் குறிக்கும் 'ஐடல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. 1964இல் ஜப்பானில் திரையிடப்பட்ட பிரெஞ்சுப் படம் ஒன்றின் பெயரால் பரவிய அச்சொல், 1970களில் நிலைபெற்றது. முதிர்ந்த இசைப்புலமையைக் காட்டிலும், இரசிகரின் கண்ணெதிரே படிப்படியாக வளரும் எளிமையே அப்பாடகியின் ஈர்ப்பு. 2005இல் டோக்கியோவின் அகிஹபாராவில் தோன்றிய ஏ.கே.பி.48 குழு, 'நேரில் சென்று காணத்தக்க பாடகியர்' என்பதையே தன் கொள்கையாக அறிவித்தது. இசைத்தட்டு வாங்கினால் ஒரு சீட்டு. சீட்டை நீட்டினால் பாடகியுடன் சில நொடிக் கைகுலுக்கல். அன்பு இங்கே நொடிக்கணக்கில் விலை பெற்றது.

பாடகியர் காதலிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய நிறுவனங்களும் உண்டு. அவ்விதியை மீறிய பாடகி ஒருத்தி 650,000 யென் இழப்பீடு தர வேண்டும் என்று 2015இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ஜனவரியில் அதே நீதிமன்றம், வேறொரு வழக்கில், காதல் என்பது மகிழ்ச்சியை நாடும் உரிமையின்பாற் பட்டது என்று கூறி நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. 'இவள் எவருக்கும் உரியவள் அல்லள்' என்ற நம்பிக்கையும் பாட்டோடு சேர்த்து விற்கப்பட்டது என்பதற்கு இவ்வழக்குகள் சான்று.

இவ்வகைக் கதைகளுள் முன்னோடியாகக் கருதத்தக்கது, பியெரோ நிறுவனம் உருவாக்கிய 'கிரீமி மமி'. 1983 ஜூலை முதல் 1984 ஜூன் வரை 52 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் அது. யூ என்னும் 10 வயதுச் சிறுமிக்கு ஓராண்டுக்கு மட்டும் மந்திர ஆற்றல் கிடைக்கிறது. அதனால் வளர்ந்த பெண்ணாக உருமாறும் அவள், கிரீமி மமி என்ற பெயரில் புகழ்பெற்ற பாடகியாகிறாள். யூவின் பிஞ்சு உள்ளம் நாடுவதோ தோழன் தோஷியோவை. அவன் மமியின் தீவிர இரசிகன். அருகில் நிற்கும் யூவை வெறும் குழந்தையாகவே எண்ணுகிறான். தன் நிழலே தனக்குப் போட்டியாக வந்து நின்றால் அச்சிறுமி யாரிடம் முறையிடுவாள்? மமிக்குக் குரல் கொடுத்த ஓத்தா தகாகோ, அத்தொடரின் முகப்புப் பாடல் வழியே அறிமுகமான உண்மைப் பாடகி. கதைக்கும் தொழிலுக்கும் இருந்த நெருக்கம் இதனால் விளங்கும். ஆளைக் காணாது உருவத்தை விரும்பும் இரசிக மனத்தைச் சிறுவர் கதையின் எளிமையோடு இத்தொடர் எடுத்துக்காட்டியது.

அம்மனம் முற்றினால் விளையும் கேட்டை 'ஓஷி நோ கோ' காட்டுகிறது. அகசகா அக எழுத, யோகோயாரி மெங்கோ வரைய, 2020 முதல் 2024 வரை வெளிவந்த சித்திரக்கதை அது. 2023இல் அனிமே ஆயிற்று. பாடகி ஹோஷினோ ஐ, தான் தாயானதை மறைத்து மேடையேறுகிறாள். புகழின் உச்சியாக டோக்கியோ டோம் அரங்கில் பாட வேண்டிய நாளில், அவளுடைய இரகசியத்தை அறிந்த இரசிகன் ஒருவன் வீட்டு வாயிலிலேயே அவளைக் கத்தியால் குத்துகிறான். உயிர் பிரியும் வேளையிலும் அவள் அவன் பெயரைச் சொல்கிறாள். அவன் முன்பு பரிசாகத் தந்த விண்மீன் மணலை நினைவுகூர்கிறாள். தன்னை அவள் பொருட்படுத்தவே இல்லை என்று நம்பியிருந்தவன், அதைக் கேட்டு நிலைகுலைந்து ஓடுகிறான். அவன் கொன்றது ஏமாற்றுக்காரி ஒருத்தியை அன்று. தன்னை மறவாத ஒருத்தியை. அன்பு உரிமையாக மாறிய இடத்தில் பெருந்திணை பிறந்துவிட்டது.

இவ்விரண்டிற்கும் வேறான வழியிற் செல்வது ஹிராவோ அவுரியின் 'ஓஷி கா புடோகான் இத்தே குரேதாரா ஷினு'. 'என் ஓஷி புடோகான் சேர்ந்தால் நான் உயிரையே விடுவேன்' என்பது அதன் பொருள். 2015இல் சித்திரக்கதையாகத் தொடங்கி, 2020இல் 12 பகுதி அனிமேயாக வந்தது. ஒக்கயாமா நகரில் ஏழு பெண்கள் சேர்ந்த 'சாம் ஜாம்' என்னும் சிறு குழு. அதில் மிகக் குறைந்த இரசிகரையுடையவள் கூச்சம் மிக்க மைனா. அவளுக்கே தன்னை ஒப்புக்கொடுத்தவள் எரிப்பியோ. ரொட்டித் தொழிற்சாலையில் பெறும் ஊதியம் முழுவதையும் இசைத்தட்டுகளுக்கே செலவிட்டு, ஒரே விளையாட்டு உடுப்புடன் காலம் கழிப்பவள் அவள்.

கைகுலுக்கும் மேசைக்கு முன் எரிப்பியோ அன்பை வாய்விட்டு மொழிகிறாள். மைனாவோ சுருக்கமாக ஏதோ சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். அவளுக்குத் தன்மேல் விருப்பமில்லை என்று எரிப்பியோ முடிவு செய்கிறாள். உண்மையில் மைனாவின் உள்ளம் முழுவதும் எரிப்பியோவே நிறைந்திருக்கிறாள். சொல்ல நா எழவில்லை. இருவரும் நேசிக்கின்றனர், இருவரும் தம் நேசத்தை ஒருதலை என்றே கருதுகின்றனர். எதிரெதிரே நிற்கும் இரு கைக்கிளைகள் என இதனைக் கூறலாம். பார்ப்பவர் மட்டுமே இது ஒத்த அன்பு என்பதை அறிவர். நகைச்சுவை பொங்கும் காட்சிகளினூடே நெஞ்சைத் தொடும் துயரம் ஊடாடுவது இவ்வமைப்பினால்தான்.

'ஓஷி' என்ற சொல் 'தள்ளுதல்' என்னும் வினையினின்று பிறந்தது. தான் முன்னே தள்ளி ஆதரிப்பவளைக் குறிப்பது. 1964 ஒலிம்பிக் ஜூடோ போட்டிக்கென எழுப்பப்பட்ட புடோகான் அரங்கம், 1966இல் பீட்டில்ஸ் குழு பாடிய பின் இசைஞரின் கனவு மேடையாயிற்று. அங்கே மைனா நிற்க வேண்டும் என்பதே எரிப்பியோவின் வேட்கை. அவளை முன்னே தள்ளத் தள்ள, அவள் தனக்கு எட்டாத தொலைவிற்குச் செல்வாள் என்பதையும் எரிப்பியோ அறியாதவள் அல்லள். மேடைக்கு வெளியே தற்செயலாக எதிர்ப்பட்டபோதும் அந்த வாய்ப்பைத் தனக்கெனப் பயன்படுத்த அவள் துணியவில்லை. கத்தி ஏந்தியவன் பாடகியைத் தன்னிடம் இழுத்தான். இவள் தன்னிடமிருந்து அப்பால் அனுப்புகிறாள். காதலின் தரத்தை அளக்கும் கோல் இவ்வேறுபாட்டில் உள்ளது.

எனினும், குறை ஒன்றைச் சுட்டாமல் விடுதல் திறனாய்வுக்கு முறையாகாது. எரிப்பியோவின் விலகல் அவளே விரும்பி மேற்கொண்டது. மைனாவின் மௌனத்தில் கூச்சத்தோடு தொழிலின் கட்டுப்பாடும் கலந்திருக்கிறது. முன்னது அறம், பின்னது பிறர் இட்ட தளை. இரண்டையும் ஒரே இனிமையில் குழைத்துத் தருகிறது இப்படைப்பு. உழைப்பாளிப் பெண்ணின் ஊதியம் இசைத்தட்டுக் குவியலாவது சிரிப்புக்குரியதாகிறதே தவிர, அப்பணம் யாரைச் சென்று சேர்கிறது என்ற வினா வலுவாக எழவில்லை. மேசையைப் போட்டவர் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறார். நீதிமன்றம் வரை சென்ற சிக்கலைக் கலை இன்னும் துணிந்து தொட்டிருக்கலாம்.

இக்குறையைக் கடந்தும் இப்படைப்பு மதிக்கத்தக்கதே. தோஷியோ உருவத்தைக் கண்டான்; ஆளைக் காணவில்லை. கத்தி ஏந்தியவன் ஆளைக் கண்டதும் பொறுக்கவில்லை. எரிப்பியோ, தான் காணாத ஒரு வாழ்வும் மைனாவுக்கு உண்டு என்பதை ஏற்று, அவ்வாழ்வு உயர வேண்டும் என்று உழைக்கிறாள். மறுமொழி கிடைக்காதபோதும் மற்றவரின் நன்மையை நாடுவது கைக்கிளையையும் மேன்மைப்படுத்தும் என்பதற்கு அவள் சான்று. ஒத்த அன்பையே கைக்கிளையாகத் தோன்றச் செய்யும் ஆற்றல் ஒரு மேசைக்கும் ஒரு சீட்டுக்கும் உண்டு என்பதையும் மாணவர் இதனின்று உய்த்துணர்தல் வேண்டும்.