வரம் வேண்டற் கதைகளின் மெய்ப்பாடும் முடிபும்

வரம் கேட்டவன் கெட்டான் என்னும் பொருளமைந்த கதையொன்றைப் படிப்பித்து முடித்து, அதன் உட்கிடை யாதென வினவின், மாணாக்கருட் பெரும்பாலார் ‘பேராசை பெருநட்டம்’ என்று எழுதிப் பேனாவை வைத்துவிடுவர். பஸ்மாசுரனுக்கும் அதுவே விடை. தொட்டதெல்லாம் பொன்னாகக் கேட்ட மைடாஸ் மன்னனுக்கும் அதுவே விடை. இவ்விருவர்க்கும் அது ஒருவாறு பொருந்துதலின், எல்லாக் கதைக்கும் பொருந்துமென ஆசிரியராகிய நாமும் வாளா இருந்துவிடுகின்றோம்.

இப்பழமொழி பொய்த்துப்போகும் கதையொன்றுண்டு. ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902 இல் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’ அது. இந்தியப் பக்கிரி ஒருவர் மந்திரித்த உலர்ந்த பாதமொன்று மூவர்க்கு மும்மூன்று வரம் அளிக்கும். அதனைப் பெற்ற வைற் என்னும் முதியவர், வேண்டுவன எல்லாம் தம்மிடம் உள்ளனவே, எதனைக் கேட்பது என்றுதான் தயங்குகின்றார். வீட்டுக் கடன் தீர 200 பவுண் கேட்கும்படி மகனே சொல்லிக் கொடுக்கின்றான். அம்மகன் வேலைத்தலத்து இயந்திரத்தில் அகப்பட்டு இறக்க, அத்தொகையே நட்டஈடாக வீடு தேடி வருகின்றது. இதிற் பேராசை எங்கே? வீட்டுக் கடனை அடைக்க விரும்புதல் பேராசையாயின் நம்முள் எவர் தப்புவர்?

ஆதலின் கருத்தைப் பின்னே வைத்து மெய்ப்பாட்டை முன்னே கேட்பது என் வழக்கமாயிற்று. தொல்காப்பியர் வகுத்த எட்டனுள் இவ்விடத்தே நிற்பது யாது? அது எச்சொல்லிலே மாறுகின்றது? ‘அச்சம்’ என ஒரு சொல்லில் விடை எழுத இக்கதை இடந்தராது. வெளியே குளிரும் மழையும், உள்ளே கணப்பு நெருப்பும் சதுரங்கமும், தொடக்கம் உவகையே. அவ்வுவகையினுள்ளும் தந்தை தம் அரசனை வீணே இடருக்குள் நகர்த்திவிடுகின்றார். கூர்த்த மாணாக்கன் அவ்விடத்திலேயே ஐயுறுவான். மறுநாட் காலை வெயிலோடு நகை திரும்புகின்றது. செய்தி கொணர்ந்தவர் வாயிலில் தயங்கித் தயங்கி நிற்க, அந்நகை சிறிது சிறிதாக அவிகின்றது. தொகை எவ்வளவு என்று கேட்டபோது அவர் கூறும் எண்ணிலே வரமும் இழவும் ஒருங்கே விழுகின்றன.

முடிபு இன்னும் நுண்ணியது. இரண்டாம் வரம் இறந்த மகனை அழைக்கின்றது, கதவு தட்டப்படுகின்றது, தாய் தாழை நீக்க முயல்கின்றாள், தந்தை மூன்றாம் வரத்தைக் கேட்கின்றார். அவர் கேட்டது யாதென்று ஆசிரியர் எழுதவில்லை. வாயிலில் நின்றது யாதென்றும் காட்டவில்லை. கதவு திறந்தபின் தெருவிளக்கும் வெறுந்தெருவுமே தெரிகின்றன. சிக்கல் அவிழ்ந்ததா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். தந்தையின் அச்சம் தீர்ந்தது. தாயின் அழுகை தீரவில்லை. இதனைக் கண்டுகொண்ட மாணாக்கன் பழமொழியை எழுதான்.

வஹகோட்டை மாணாக்கர்க்கு வேண்டுதல் புதியதன்று. இங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்துக்கு நேர்த்தி வைத்து வருவோரைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நேர்த்தியிலே கேட்பதும் கொடுப்பதும் முன்னரே சொல்லப்பட்டுவிடும். விலையை வைப்பவர் வேண்டுபவரே. குரங்கின் பாதமோ விலையை மறைத்து வைத்துக்கொண்டு வரத்தை நீட்டுகின்றது. இவ்வேற்றுமையைக் கூறிய பின்னரே அக்கதையின் அச்சம் எங்கிருந்து எழுகின்றது என்பது வகுப்புக்கு விளங்கிற்று.

அம்மறைவிலையை முன்னரே ஐயுற்றவர் ஒருவர் தமிழில் உளர். 1943 இல் கலைமகளில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் புதுமைப்பித்தன் கதையின் நாயகரே அவர். சென்னைத் தெருவில் எதிர்ப்பட்ட கடவுளிடம் பிள்ளை வரம் கேட்கவில்லை; ஒரு தெய்வம் வரந்தந்து போக, இன்னொரு தெய்வம் தலையைக் கேட்டு வருமென்று மறுத்துவிட்டு, மனிதரைப் போல் நடப்பதாயின் தம்மோடு பழகலாம் என்கின்றார். எள்ளலிற் பிறந்த நகை இது. ஆயினும் நகையென்று எழுதி நிறுத்துபவன் முடிபைத் தவறவிடுவான். ஆடிக் காட்டியும் இவ்வுலகிற் பிழைக்க வழிகாணாத கடவுள், மனிதரோடு கூடி வாழ்தல் இயலாது, எட்ட நின்று வரங்கொடுத்தலே இயலும் என்று ஒப்புக்கொள்ளுமிடத்தில் நகை இளிவரலாகின்றது. தொடக்கத்தில் மறுக்கப்பட்ட வரம் இறுதியிலே திரும்பிவந்து, கொடுக்க வந்தவரையே சுடுகின்றது. பின்னர் எஞ்சுவன, கணக்கில் 25 ரூபா ஆயுட்சந்தா வரவும், தாத்தா போய்விட்டாரா என்று கேட்கும் குழந்தையுமே. அக்குழந்தையின் வினாவுக்கு எம்மெய்ப்பாட்டின் பெயரை இடுவது என்பதில் எனக்கும் என் மாணாக்கர்க்கும் இன்னும் உடன்பாடில்லை. அவர்கள் நகை என்கின்றனர். நான் அழுகை என்கின்றேன்.