தூரத்து மூக்கனும் இரண்டு கண்ணாடிகளும்

கோடியக்கரையின் உப்பளங்களிலும் சேற்றுவெளியிலும் குளிர்காலத்தில் இறங்கும் கரைப்பறவைகள் மனிதரை நம்புவதில்லை. நாம் வரப்பில் நான்கு எட்டு வைத்தால் அவை நாற்பது எட்டு தள்ளிப் போய் உட்காரும். சேற்றில் இறங்கித் தொடர்ந்து போக முடியாது, போகவும் கூடாது. வலசைப் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வந்த பறவையை வீணாக எழுப்பிவிடுவது அதன் சோற்றில் கைவைப்பதுதான். ஆக, நாம் நின்ற இடத்திலேயே நிற்க, கண்ணாடி மட்டும் போக வேண்டும். போகிற கண்ணாடியில் இரண்டு சாதி உண்டு: நீண்ட டெலி லென்ஸ் ஒன்று, கேமராவைப் பின்னால் பொருத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் சிறு தொலைநோக்கி இன்னொன்று. எது உசத்தி என்று பேசியே பலர் பொழுதைப் போக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ள நயத்தை ருசிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சண்டை தேவைப்படாது.

இரண்டையும் உரசிப் பார்க்க வாகான பறவைகள் கருவால் மூக்கனும் பட்டைவால் மூக்கனும். நீண்ட கால், நீண்ட அலகு, குளிர்காலத்தில் இரண்டுக்கும் சாம்பல் கலந்த பழுப்பு உடை. கணுக்கால் அளவு நீரில் அலகை அடிவரை செருகி நிற்கும்போது இறக்கை வாலை மூடிக்கொள்ளும். பெயரிலேயே இருக்கிற அடையாளம் அப்போது கண்ணுக்குக் கிடைக்காது.

கூட்டம் எழும்புகிற நொடி டெலி லென்ஸின் நொடி. 600 எம்எம் எஃப்/4 லென்ஸின் முகப்புக் கண்ணாடி ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் அகலம். அது அள்ளித் தரும் வெளிச்சத்தில் ஷட்டரை 1/2500 நொடிக்கு விரட்டலாம். இப்போதைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து, அது திரும்பினாலும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இறக்கை விரிந்ததும் ரகசியம் உடைகிறது. கருவால் மூக்கனுக்கு இறக்கையின் நீளத்துக்கு ஓர் அகன்ற வெள்ளைப் பட்டை, வெள்ளை அடிவாலுக்குப் பின் கரிய வால்நுனி, அதையும் தாண்டி நீட்டிய கால்கள். பட்டைவால் மூக்கனுக்கு அந்த வெள்ளைப் பட்டை கிடையாது. வெறுங்கண்ணுக்கு ஒரு மினுக்கலாகப் போவதை லென்ஸ் நிறுத்தி வைத்துக் காட்டுகிறது. கால்விரல் நுனியிலிருந்து பிரிந்த சேற்றுத் துளி காற்றில் நிற்கிறது. முதன்மைச் சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிசை தெரிகிறது. பின்னால் இருந்த உப்பள வரப்பு கரைந்து வெறும் நிறமாகிவிடுகிறது. கூர்மையையும் கரைவையும் ஒரே சட்டத்தில் வைக்கும் அழகில் ஸ்கோப் இதன் பக்கத்தில் வர முடியாது.

ஆனால் கூட்டம் எழாமலே இருந்தால்? கணக்கைப் பாருங்கள். மூக்கனின் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். அது 100 மீட்டர் தள்ளி நின்றால், முழுச்சட்டக் கேமராவில் 600 எம்எம் லென்ஸ் காட்டும் பறவை படத்தின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. 30 மடங்கில் வைத்த ஸ்கோப்புக்குப் பின்னால் 50 எம்எம் லென்ஸை நிறுத்தினால் இரண்டையும் பெருக்கி 1500 எம்எம் ஆகிறது. அதே பறவை ஆறில் ஒரு பங்கை நிரப்புகிறது.

இந்த ஏற்பாட்டைப் பறவை பார்ப்பவர்களிடம் பரப்பியவர் மலேசியாவின் லாரன்ஸ் போ. 1999-இல் அவர் நிக்கான் கூல்பிக்ஸ் 950 என்ற சிறு டிஜிட்டல் கேமராவை லைக்கா ஸ்கோப்பில் கண் வைக்கும் முனையான ஐ-பீஸோடு சேர்த்து வைத்துப் பார்த்தார், படம் விழுந்தது. அந்தக் கேமராவின் லென்ஸ் சிறியது, ஜூம் செய்தாலும் வெளியே நீளாதது. ஐ-பீஸில் ஒட்டி உட்கார அதுவே வசதியாயிற்று. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் செல்போன் உட்கார்ந்திருக்கிறது.

உட்கார வைப்பதில்தான் கைப்பக்குவம். 85 மில்லிமீட்டர் ஸ்கோப்பை 30 மடங்கில் வைத்தால், ஐ-பீஸுக்குப் பின்னால் வெளிவரும் ஒளி 3 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு வட்டமாகக் கூடும். கேமராவின் கண் அந்த வட்டத்தின்மேல் நேராக, சரியான இடைவெளியில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்திலிருந்து கறுப்பு ஏறி வரும். மடங்கைக் கூட்டக் கூட்ட அந்த வட்டமும் சுருங்கும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் 60 மடங்கு இருந்தும் 25-லோ 30-லோ நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபோகஸ் முழுக்க விரலின் பொறுப்பு. ஷட்டரைத் தொடும் அதிர்வே படத்தைக் குலைக்கும் என்பதால் இரண்டு நொடி டைமர், கனமான ட்ரைபாட். வெளிச்சத்திலும் கஞ்சத்தனம்: 85 மில்லிமீட்டர் முகப்பில் 1500 எம்எம் என்றால் எஃப்/18-க்குப் பக்கம். பறக்கும் பறவையை மறந்துவிட வேண்டியதுதான்.

இத்தனை நிபந்தனைக்கும் ஈடாக ஸ்கோப் தருவது நிதானம். மூக்கன் அலகை உருவி, தலையைத் திருப்பி, முதுகைக் கோதத் தொடங்குகிறது. கருவால் மூக்கனாயிருந்தால் முதுகு கோடில்லாமல் ஒரே நிறமாக ஓடும். பட்டைவால் மூக்கனாயிருந்தால் ஒவ்வொரு இறகின் நடுவிலும் கரிய தண்டுக்கோடு. முதுகு முழுவதும் பேனாவால் கீறிய மாதிரி இருக்கும். அலகைப் பாருங்கள்: அடியில் இளஞ்சிவப்பு, நுனிக்குப் போகப் போகக் கருமை. பட்டைவாலுக்கு அது லேசாக மேல்நோக்கி வளைகிறது. கருவாலுக்கு ஏறத்தாழ நேர்கோடு. நுனியில் ஒட்டிய சேறு காய்ந்திருக்கிறதா ஈரமா என்பதுகூடத் தெரியும். காலில் வளையம் போட்ட பறவையாயிருந்தால், அது கால் மாற்றி நிற்கும்வரை காத்திருந்து எழுத்தைப் படித்துவிடலாம். இதையெல்லாம் கண் முதலில் பார்த்து முடித்துவிடுகிறது. கேமரா பிறகுதான் ஐ-பீஸுக்கு வருகிறது. ஸ்கோப் வழியே எடுத்த படம் ஓரங்களில் கொஞ்சம் மென்மையாக, சில சமயம் விளிம்பில் ஊதா நிழலோடு வரும். ஆனாலும் அதில் இருப்பது எடுத்தவர் முன்பே படித்து முடித்த பறவை. டெலி லென்ஸ்காரர் பல சமயம் தம் பறவையை வீட்டுத் திரையில்தான் முதன்முதலாகச் சரியாகப் பார்க்கிறார்.

இரண்டு பேருக்கும் பொதுவான எதிரி கானல். உப்பளத்தின்மேல் வெயில் ஏறியதும் காற்று அடுக்கடுக்காக நெளியும். அப்போது பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸும் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல்தான் பார்க்கும். 60 மடங்கு ஸ்கோப்போ நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். தூரத்தை வெல்லக் கண்ணாடி போதும், காற்றை வெல்லப் போதாது. விடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரமும் மேகம் மூடிய பகலும்தான் இரண்டுக்கும் நல்ல நேரம்.

பறத்தலையும் சண்டையையும் நொடியின் அழகையும் விரும்புகிறவர் டெலி லென்ஸைச் சுமக்கட்டும். அதன் மூன்று கிலோ எடையைச் சுமப்பது தகும். பறவையோடு பழக விரும்புகிறவருக்கு ஸ்கோப். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. டெலி லென்ஸ் அதைப் பிடித்திருக்கும் ஒருவருக்கானது. ஸ்கோப்பை ட்ரைபாடில் நிறுத்தி ஃபோகஸ் செய்துவிட்டு நகர்ந்தால், உப்பளத்தில் வேலை முடித்து வருகிறவரும் சைக்கிளை நிறுத்திய பள்ளிப் பிள்ளையும் வரிசையில் குனிந்து அதே மூக்கனை, அது உயிரோடு இரை தேடும்போதே பார்க்கலாம். எந்த டெலி லென்ஸ் படமும் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதைக் கொடுப்பதில்லை.