மூவ் ஃபைல் சொல்லும் பொய்

என் கல்வெட்டுக் குறிப்புகள் ஊர்வாரியாகத் தனித்தனி ஃபோல்டர்களில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் 'குறிப்பு' என்று அதே பெயரில் ஒரு ஃபைல். பல வருடச் சோம்பேறித்தனம். இதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வேலையை ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் தலையில் கட்டலாம் என்று நினைத்தேன். கட்டுவதற்கு முன், அது எந்தக் கருவிகளை வைத்து என் ஃபைல்களைத் தொடப்போகிறது என்று உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

படித்தது, எம்.சி.பி.க்கு மாதிரியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் ஃபைல்சிஸ்டம் சர்வர். எம்.சி.பி. என்பது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் அறிவித்தது. மொழி மாதிரியையும் வெளியிலுள்ள கருவிகளையும் இணைக்கும் பொது ஏற்பாடு. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: மாடல் கருவியின் நிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், நாலைந்து வரி விவரணை, என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான் அதன் கண்ணுக்குத் தெரியும். நமக்கென்றால் சந்தேகம் வந்தால் சோர்ஸைத் திறக்கலாம், பக்கத்து சீட்டில் கேட்கலாம். அதற்கு அந்த நாலு வரிதான் உலகம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ரைட் ஃபைல்' கருவியின் விவரணை, ஏற்கெனவே இருக்கும் ஃபைலை எச்சரிக்கை இல்லாமல் அழித்து எழுதிவிடும், ஜாக்கிரதை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பல ஃபைல்களைச் சேர்த்துப் படிக்கும் கருவி, ஒன்று படிக்க முடியாமல் போனாலும் மற்றவை நிற்காது என்கிறது. இரண்டுமே ஏஜென்ட்டின் அடுத்த முடிவை மாற்றக்கூடிய தகவல்கள். எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார்.

பிரச்சினை 'மூவ் ஃபைல்' கருவியில். ஐந்து வாக்கியங்கள். ஃபைலை நகர்த்தலாம், பெயர் மாற்றலாம் என்று ஒன்று. ஒரே செயலில் இரண்டையும் செய்யலாம் என்று இன்னொன்று. வேறு ஃபோல்டருக்கும் போகும், அதே ஃபோல்டரிலும் பெயர் மாற்றும் என்று மற்றொன்று. ஆக, மூன்று வாக்கியம் ஒரே சங்கதி. அனுமதிக்கப்பட்ட ஃபோல்டர்களுக்குள் மட்டும்தான் என்பது நாலாவது, அது தேவை. மிச்சமிருப்பது, போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் செயல் தோல்வியடையும் என்ற உத்தரவாதம்.

நான் படித்த பதிப்பின் நிரலில், பாதைகளைச் சரிபார்த்த பிறகு நோட் ஜே.எஸ்.ஸின் 'ரீநேம்' அழைக்கப்படுகிறது, வேறொன்றும் இல்லை. அந்த ரீநேம் என்ன செய்யும்? அதே பெயரில் ஃபைல் இருந்தால் சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டு அதன் இடத்தில் போய் உட்காரும். நோட் ஆவணத்திலேயே இது இருக்கிறது. யூனிக்ஸ் பக்கம் காலங்காலமாக இதுதான் வழக்கம். அதை நம்பித்தான் பல நிரல்கள் தற்காலிக ஃபைலில் எழுதி, கடைசியில் பழையதன் மேல் ரீநேம் செய்கின்றன. லினக்ஸில் இரண்டு வரி நோட் நிரலில் சோதித்துப் பார்த்தேன். பிழை வரவில்லை; பழைய ஃபைல்தான் போய்விட்டது.

விவரணை எதுவுமே சொல்லாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்பேன். ஏஜென்ட் சந்தேகப்பட்டு, முதலில் ஃபோல்டரைப் பட்டியலிட்டுப் பார்த்திருக்கலாம். இப்போதோ, 'நகர்த்திப் பார்ப்போம், மோதினால் பிழை வரும், அப்புறம் வேறு பெயர் வைப்போம்' என்று முடிவெடுப்பதற்கு அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடத்தில் ஜாக்கிரதையைக் கழற்றிவிடுகிறது அந்த ஒரு வரி. என் விஷயத்தில் நாற்பது ஊர்க் குறிப்பில் முப்பத்தொன்பது காலி!

நன்னூல் நூற்குற்றம் என்று பத்தைப் பட்டியலிடுகிறது. அதில் கூறியது கூறல் இங்கே இருக்கிறது. குன்றக் கூறலும் இருக்கிறது: அனுமதித்த ஃபோல்டர்களில் ஒன்று பென் டிரைவில் இருந்தால் ரீநேம் அங்கே போகாது, பிழை கொடுக்கும். 'வேறு ஃபோல்டருக்கும் போகும்' என்றவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் உள்ளதுக்கு நேர்மாறாகச் சொல்வதை எந்தக் குற்றத்தில் சேர்ப்பது? மாறுகொளக் கூறல் என்பது நூல் தன்னோடு தானே முரண்படுவது. இது நூல் உலகத்தோடு முரண்படுவது. கொஞ்சம் இழுத்துத்தான் பொருத்த வேண்டும்.

ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதுங்கள் என்று ஆந்த்ரோபிக்கின் ஆவணம் ஆலோசனை சொல்கிறது. கெட்ட ஆலோசனை இல்லை. ஆபீசில் நானே 'ஆர்டர் விவரம் தரும்' என்று ஒற்றை வரி எழுதி, ஏஜென்ட் ஆர்டர் எண்ணுக்குப் பதில் வாடிக்கையாளர் போன் நம்பரை அனுப்பி, அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவன். ஆனால் மூவ் ஃபைல் ஐந்து வாக்கியத்தோடு அந்தப் பரீட்சையில் பாஸாகிவிடுகிறது, பாருங்கள். வாக்கியத்தை எண்ணுவதைவிட, 'தோல்வியடையும்', 'மாறாது', 'அழியாது' என்று உறுதி கொடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டெஸ்ட் எழுதச் சொல்வது உருப்படியான வேலை. நிரலை மாற்றும்போது டெஸ்ட் உடையும். விவரணை பழசானது அன்றைக்கே தெரிந்துவிடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஃபைலையோ ஃபோல்டரையோ நகர்த்தும் அல்லது பெயர் மாற்றும். சேருமிடத்தில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் அது அழிந்துவிடும், மீட்க முடியாது. முதலில் பட்டியலிட்டுப் பார்க்கவும். வேறு டிரைவுக்கு நகர்த்த முடியாது. இரண்டு பாதைகளும் அனுமதிக்கப்பட்ட ஃபோல்டர்களுக்குள் இருக்க வேண்டும்.' நகர்த்தும் முன் நிரலே சரிபார்த்துப் பிழை கொடுத்தால் இன்னும் நல்லது. அப்போது பழைய வரி உண்மையாகிவிடும், விவரணையைத் தொடவே வேண்டாம்.

குறிப்புகளை என்ன செய்தேன் என்றால், முழுசாக ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபைல் பெயருக்கு முன்னாலும் ஊர்ப் பெயரை நானே ஒட்டினேன். அதற்கு அப்புறம்தான் ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன்.