ஏர் கிளீனரிலிருந்து தொடங்குங்கள்

இருபத்தைந்து, முப்பது வருடம் உழைத்த மாஸே ஃபெர்குசன் 1035 டிராக்டர் ஒன்றைப் பட்டறை வாசலில் நிறுத்திப் பாருங்கள். பானட்டைத் தூக்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "எஞ்சின இறக்கிடலாம் சார்." லைனர், பிஸ்டன், ரிங், மெட்டல், ஹெட் கேஸ்கெட் என்று பட்டியல் நீளும். கடைசி வரியில் சிவப்புப் பெயிண்ட். வெளியே வரும்போது வண்டி கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் மினுங்கும்; இரண்டு உழவு சீசனுக்குள் பழைய புகை திரும்பி வரும். கோலார் தங்கவயல் பக்கம் வீட்டு முற்றத்திலேயே இந்த வண்டியைச் சீர்செய்ய நினைப்பவருக்கு என் மதிப்பீடு இதுதான்: 1035 இன்னும் கைக்காசு போட்டுக் காப்பாற்றத் தகுந்த வண்டி. ஆனால் எஞ்சினைக் கடைசியாகத் தொட வேண்டும், முதலில் பார்க்க வேண்டியது அது மூச்சு வாங்கும் வழியை.

இதை எந்த ஊருக்கும் சொல்லலாம். ஆனாலும் தங்கவயலில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது ஊருக்கு மிச்சமாக விடப்பட்டவற்றில் சயனைடு மேடுகளும் சேர்த்தி. நூறு வருடத்துக்கு மேல் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு அது. மூன்று கோடி டன்னுக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ் கலந்த நுண்தூள். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சிலிண்டர் லைனரின் வார்ப்பிரும்பு அதற்குக் கீழேதான். கோடைக்காற்றில் மேட்டிலிருந்து எழும் வெண்தூசியும், கேழ்வரகு, தக்காளி நிலங்களில் கலப்பை கிளப்பும் செம்மண் புழுதியும் எஞ்சினுக்குள் போக முக்கிய வாசல் ஏர் கிளீனர். அந்த வாசல் ஓட்டையாக இருக்கும்போது புது லைனர் போடுவது, கூரை ஒழுக ஒழுகத் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான்.

பழைய 1035-இல் இருப்பது ஆயில் பாத் ஏர் கிளீனர். கீழே உள்ள கிண்ணத்தைக் கழற்றினால் அதன் கதை முழுவதும் கையில் வந்துவிடும். எண்ணெய் தேன் பதத்தில் ஓடினால் பரவாயில்லை. விரலால் கிண்ணத்தின் அடியைத் தடவும்போது களிமண்போல் வழித்தெடுக்க வந்தால், அந்த எண்ணெய் தூசியைப் பிடிப்பதை நிறுத்திப் பல நாள் ஆகிவிட்டது. கிண்ணத்தை டீசலில் கழுவி, குறிக்கோடு வரை மட்டும் எண்ணெய் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சும். பார்ப்பவர்கள் அதை ரிங் தேய்ந்த நீலப்புகை என்று நினைத்துவிடுவார்கள். புழுதி உழவுக் காலத்தில் இந்த வேலையைப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். அடுத்து, கிளீனரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டு, காற்று உள்ளே நுழையும் வாயை ஒரு தட்டைப் பலகையால் அடைத்துப் பாருங்கள். எஞ்சின் திணறி அணைந்தால் வழி சரி. பலகை வைத்த பிறகும் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தால், எங்கோ ஒரு வெடிப்பு வழியாக வடிகட்டாத காற்று உள்ளே போகிறது. ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப் செலவில் தீரும் கோளாறு அது. இதற்குப் பின்தான் எஞ்சினின் உடல்நிலையைக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாய்மேல் வையுங்கள். நடு வேகத்தில் மூடி லேசாக அதிர்ந்தால் ரிங்கில் இன்னும் உயிர் இருக்கிறது. துள்ளி விழுந்தால் இல்லை. கறுப்புப் புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும், நீலம் எண்ணெயை, வெகுநேரம் ஓயாத வெள்ளை எரியாத டீசலை அல்லது சிலிண்டருக்குள் கசியும் தண்ணீரை. இவற்றைப் பார்க்காமலே எஞ்சினை இறக்கச் சொல்பவர் நோயைக் கேட்காமல் கத்தியைத் தீட்டுகிறவர்.

"எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம், ஒரேயடியாக முடித்துவிடலாமே" என்பது நியாயமாகத் தோன்றும் மறுப்பு. ஆனால் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பாகங்களைத் தேவையில்லாமல் கலைத்தால் எல்லாம் மறுபடி பழக வேண்டும். ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கினால் புது கேஸ்கெட்டும் ஊதிவிடும். காற்றடிக்கும் முற்றத்தில் திறந்து கிடக்கும் சிலிண்டருக்குள் விழும் தூசியோ, நாம் தடுக்கப் பார்த்த அதே தூசி.

எஞ்சினைவிட நான் அதிகம் கவலைப்படுவது பின்பக்கத்தைப் பற்றி. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே தயாரித்த இந்த வண்டி, பழைய எம்.எஃப். 35-இன் வாரிசு, அதற்குப் பின்னால் ஹாரி ஃபெர்குசனின் மூன்று முனை இணைப்பு இருக்கிறது. மண் இறுகினால் அந்த இணைப்பின் மேல் கையான டாப் லிங்க் வழியாக அழுத்தம் உள்ளே போய், ஹைட்ராலிக் தானாகவே கலப்பையை ஒரு விரற்கடை தூக்கிவிடும். இதுதான் இந்த டிராக்டரின் மூளை, ஒரு சென்சர்கூட இல்லாத மூளை. டாப் லிங்க் மாட்டும் இடத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டமே இருக்கக் கூடாது. 'டக்' என்று தட்டினால் உள்ளே கன்ட்ரோல் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது; ஆழம் ஒரு சால் போல் மறு சால் வராது. கல்டிவேட்டரைத் தூக்கி நிறுத்தும்போது அது தலையாட்டிக்கொண்டே இருந்தால் லிஃப்ட் சிலிண்டரில் எண்ணெய் கசிகிறது. ஃபெர்குசன் வழி வண்டிகளில் கியர் பெட்டிக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். எனவே கியர் லீவரின் அடியில் கிழிந்து கிடக்கும் ரப்பர் தொப்பி அற்ப விஷயமில்லை. மழைநீர் அதன் வழியே இறங்கி எண்ணெயைப் பால்போல் வெளுக்க வைக்கும். அப்புறம் பம்ப் வால்வுகள் துருப்பிடிக்கும்.

புது டிராக்டர் டீசல் மிச்சம் பிடிக்குமே, பவர் ஸ்டியரிங் வருமே என்பவர்களுக்கும் பதில் வேண்டும். வாடகைக்கு விட்டு வருடத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓட்டுபவருக்குப் புதுசுதான் சரி, அதில் வாதமில்லை. ஆழ்துளைக் கிணற்றை நம்பி இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவரின் வண்டி வருடத்தில் பெரும்பாலான நாள் மாமரத்தடியில்தான் நிற்கும். நிற்கும் வண்டிக்குக் கட்டும் தவணையை எந்த டீசல் மிச்சமும் ஈடுகட்டாது. இன்னொரு மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை: பாதுகாப்பு. பழைய 1035-இல் கவிழ்ந்தால் காக்கும் சட்டகம் கிடையாது, பிரேக்கும் இன்றைய தரத்தில் இல்லை. இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் இணைக்காமல் ரோட்டில் ஏற்றவே கூடாது. கல், மண் பாரம் ஏற்றி டிரெய்லரோடு பங்காரப்பேட்டை ரோட்டில் ஓட்டத்தான் வண்டி தேடுகிறீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள். நிலத்தோடு நிற்கட்டும்.

வீட்டில் செய்யக் கூடாத வேலைகளும் உண்டு. டீசல் பம்பையும் நாசிலையும் காலிபரேஷன் பெஞ்சு இருக்கும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ரோட்டரி வகைப் பம்பாக இருந்தால் அதற்கு டீசலே மசகு, ஒரு துளித் தண்ணீர் போதும் அதைக் கெடுக்க. ஆனால் புஷ், பின், ஷாஃப்ட் வேலைக்குத் தங்கவயலைப்போல் வசதியான ஊர் குறைவு. சுரங்கத்து ஒர்க்ஷாப்பிலும், 1964-இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் புல்டோசர் ஆலையிலும் தலைமுறையாகக் கை பழகிய டர்னர், ஃபிட்டர்கள் வாழும் ஊர் இது. சோதனை எல்லாம் செய்து, ஆயில் மூடி துள்ளி விழத்தான் செய்கிறது என்றால் எஞ்சினை இறக்குங்கள். அப்போதும் லைனரை போர் கேஜ் வைத்து மேலே, நடுவில், கீழே என்று அளந்து, கணக்கைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு பிஸ்டன் வாங்கக் கடைக்குப் போகலாம்.