பறவைக்குத் தெரியாத சுவர்

கதாநாயகன் ஒருவனை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்படுகிற நாவல்களில் மற்றப் பாத்திரங்கள் எல்லாம் நாற்காலி மேஜை மாதிரி ஆகிவிடுகின்றன. அப்படிப்பட்ட நாவலை நல்ல நாவல் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த அளவுகோலை ஏனோ மறந்துவிடுகிறோம். மனிதனுக்குச் சௌகரியமா, மனிதன் கண்ணுக்கு அழகா என்ற இரண்டு கேள்விகளோடு விமரிசனம் முடிந்துவிடுகிறது.

சிகாகோவில், மிஷிகன் ஏரிக்கரையில், மக்கார்மிக் பிளேஸ் என்ற பெரிய பொருட்காட்சி மண்டபம் இருக்கிறது. அதில் ஏரியை ஒட்டிய கட்டடம் 1971-ல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜீன் சம்மர்ஸ். மீஸ் வான் டெர் ரோ என்ற மேதையிடம் வேலை பார்த்தவர். பரந்த இரும்புக் கூரை, அதன் கீழே கண்ணாடிச் சுவர்கள். அனாவசியமான கோடு ஒன்றுகூட இல்லை என்று கலை தெரிந்தவர்கள் பாராட்டுவார்கள். பாராட்டு நியாயமானதுதான்.

ஆனால் அந்த ஏரிக்கரை, பருவந்தோறும் இடம் பெயர்கிற பறவைகளின் ராஜபாட்டையும்கூட. சின்னஞ்சிறு பாடும் பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பயணம் செய்கின்றன. வெளிச்சம் அவற்றை இழுக்கிறது. கண்ணாடி என்று ஒரு பொருள் குறுக்கே நிற்பது அவற்றுக்குத் தெரிவதில்லை. டேவிட் வில்லார்ட் என்ற பறவையியல் அறிஞர், 1978 முதல், அந்தச் சுவர்களின் அடியில் விழுந்து கிடந்த பறவைகளைப் பொறுக்கியெடுத்துக் கணக்கு எழுதி வந்தார். அவரும் அவருடைய தோழர்களும் சேகரித்தவை 40,000-க்கும் மேல். 2023 அக்டோபர் 5-ம் தேதி காலையில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம்.

மறு வருஷம், 2024 கோடையில், அந்தக் கண்ணாடிகளின் மேல் சிறு புள்ளிகள் நெருக்கமாக இட்ட மெல்லிய படலத்தை ஒட்டினார்கள். செலவு சுமார் 12 லட்சம் டாலர். புள்ளிகளைக் கண்டதும், இங்கே வழியில்லை என்று பறவை விலகிக்கொள்கிறது. அந்த இலையுதிர் காலத்தில் சாவு ஏறக்குறைய 95 சதவீதம் குறைந்தது.

மனிதர்களுக்கே கூரையில்லாத உலகத்தில் பறவைக்காக இத்தனை கவலையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் புள்ளிகள் எந்த மனிதனுடைய கூரையைப் பிடுங்கிக்கொண்டன? உள்ளே நிற்கிறவனுக்கு ஏரி இன்னும் தெரியத்தான் செய்கிறது. ஐம்பத்து மூன்று வருஷம் தாமதமானதற்குக் கட்டினவர்களின் கொடுமை காரணமல்ல. வரைபடம் போடுகிற மேஜையில் பறவை ஒரு பாத்திரமாக இடம் பெறவே இல்லை, அதுதான் காரணம்.

இது இன்றைய விஞ்ஞானம் கற்றுக்கொடுத்த புது நாகரிகம் என்றும் நினைக்க வேண்டியதில்லை. இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதியில், 1761-ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட அயாஸ்மா மசூதியின் வெளிச்சுவர்களில் குருவிகளுக்கென்றே கல்லில் குட்டி மாளிகைகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கை எட்டாத உயரத்தில், ஜன்னலும் விதானமுமாக நிற்கின்றன. விதானத்தின் அழகு குருவிக்கு எதற்கு? அது நம் கண்ணுக்கு; பொந்துதான் குருவிக்கு. இதில் கொஞ்சம் மனித ஜம்பம் கலந்திருக்கிறது என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்தச் சிற்பி, தன் சுவருக்கு இன்னொரு ஜீவனும் சொந்தம் கொண்டாடும் என்பதை மறக்கவில்லை.

சிகாகோப் புள்ளிகள் உயிர் காப்பவை. அந்த அளவில் உயர்ந்தவை. ஆனால் அவை பிழைதிருத்தம். புத்தகம் அச்சாகி, விற்று, பாராட்டும் பெற்ற பிறகு கடைசிப் பக்கத்தில் ஒட்டுகிற துண்டுச் சீட்டைப் போன்றவை. அடுத்த கட்டடத்தை மதிப்பிட உட்காருகிற விமரிசகர், பழைய இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்கட்டும்: இந்தச் சுவருக்கு முன்னால் இந்த வழியாக யார் போய்க்கொண்டிருந்தார்கள்?