டெலிவரி எல்லை வரைய கியூஜிஐஎஸ்: வட்டம் போதாது, சாலை வேண்டும்

"கடையிலிருந்து 3 கிலோமீட்டர் வரை டெலிவரி" என்று பலகை வைப்பது சுலபம். அந்த 3 கிலோமீட்டர் யாருடைய கணக்கு என்பதுதான் சிக்கல். வரைபடத்தில் வட்டம் போட்டால் ஆறும் ரயில் பாதையும் அதற்குக் குறுக்கே நிற்பதில்லை, வண்டிக்கு நிற்கின்றன. இதைச் சரிசெய்ய, 2002-ல் தொடங்கி இன்றுவரை இலவசமாகவே கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை மதுரையில் சோதித்துப் பார்த்தேன்.

சிம்மக்கல்லில் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொண்டேன். குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரல் மூலம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகள் அப்படியே வந்து இறங்கின. அடுத்து 'சர்வீஸ் ஏரியா' கருவி. சாலை வழியாக 3,000 மீட்டருக்குள் எட்டும் தெருக்களை மட்டும் அது பொறுக்கி எடுக்கிறது. வித்தியாசம் உடனே தெரிந்தது. வைகை ஆற்றுப் பாலத்துக்கு நேரே எதிர்க்கரையில் உள்ள கோரிப்பாளையம் உள்ளே வருகிறது. வடகரையில் பாலத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக, எல்லை வைகையை நோக்கிச் சுருங்குகிறது. வட்டத்துக்குள் இருந்த பல தெருக்கள் வெளியே போய்விட்டன.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. தரவு பாகைக் கணக்கில் இருந்தால் தூரத்தை மீட்டரில் கொடுக்க முடியாது. மதுரைக்கும் சென்னைக்கும் இ.பி.எஸ்.ஜி. 32644 என்ற அளவுமுறைக்கு முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவழிப்பாதைகளையும் மென்பொருள் தானாகக் கணக்கில் எடுப்பதில்லை. கருவியின் கூடுதல் அமைப்புகளுக்குள் போய், எந்தப் புலத்தில் அந்த விவரம் இருக்கிறது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

பின்கோடு அல்லது வார்டு வாரியாகப் பிரிப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. எல்லைக் கோப்பைத் திறந்து, அட்டவணையில் 'மண்டலம்' என்று ஒரு புலம் சேர்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் எண் கொடுத்து, அந்தப் புலத்தைத் தேர்ந்து 'டிசால்வ்' கொடுத்தால் ஒரே எண் உள்ளவை ஒட்டிக்கொள்கின்றன. முடிவை ஜியோஜேசனாகவோ கே.எம்.எல். ஆகவோ சேமிக்கலாம். கே.எம்.எல். கோப்பைக் கூகுள் மை மேப்ஸில் ஏற்றினால் ஊழியர்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. சர்வீஸ் ஏரியா தருவது கோடுகள்தான். அவற்றைச் சுற்றி 'கான்கேவ் ஹல்' கொண்டு எல்லை கட்ட வேண்டும். அந்த எல்லை ஆற்றையும் சேர்த்து விழுங்கினால் கையால் திருத்த வேண்டும். நேரடிப் போக்குவரத்து நிலவரம் கிடையாது. புதியவர்களை மெனுக்களின் எண்ணிக்கையே மிரட்டும்.

நாலு தெருவுக்குள் வியாபாரம் செய்பவருக்கு இது தேவையில்லை. கிளைகள் வைத்திருப்பவர்கள், டெலிவரிக் கட்டணத்தைத் தூரத்துக்கு ஏற்ப வைப்பவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓடும் ஊழியருக்குச் சரியான கூலி கொடுக்க இதுவே நேர்மையான வழி. வரைந்ததை அமலாக்கும் முன் ஊழியர்களிடமே காட்டுங்கள். திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எந்தச் சாலை அடைபடும் என்பதை அவர்கள் சொல்வார்கள். அதற்கென்று தனி அடுக்கு வரைந்து வைத்துக்கொள்ளவும் இதில் வசதி இருக்கிறது.